கட்டுப் போட்ட சாட்சி

“ஐயா, இது என் கண்ணுதானான்னு செத்தப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் ஆவுடையம்மாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது வைகுண்டராஜின் துப்பறியும் நிலையம். அங்கே ஆடாத நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில்தான் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். வைகுண்டராஜுக்கு இந்தத் தொழிலில் பதினெட்டு வருட அனுபவம். காணாமல் போன மாடு, காணாமல் போன மாப்பிள்ளை, ஒருமுறை காணாமல் போன கிணறுகூட அவரிடம் வந்திருக்கிறது. கண்ணைக் கொண்டுவந்து அடையாளம் காட்டச் சொன்னவர் இதுவரை யாருமில்லை.

“பாத்தா உங்க கண்ணு மாதிரிதாம்மா தெரியுது” என்றார் ஜாக்கிரதையாக.

“மூக்குக்கு ரெண்டு பக்கமும் ஒழுங்கா இருக்கு சார். இரவல் கண்ணுன்னா இம்புட்டு பொருத்தமா அமையாது” என்றது டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஜெயபாய், வைகுண்டராஜின் உதவியாளர். நாற்பத்திரண்டு வயது. முன்னால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்த டிரங்க் காலில் மூன்றாவது ஆளாக நுழைந்து, “அந்த மாப்பிள்ளை வேண்டாம்க்கா” என்று சொன்னதற்காக வேலை போனது. சொன்ன ஆலோசனை சரியானதுதான் என்று இன்றும் வாதாடுவாள்.

“ஜெயபாய், செத்த நேரம் சும்மா இரு” என்றபடி, ஆவுடையம்மாளை அழைத்து வந்திருந்த ஐயாதுரை முன்னால் சாய்ந்தார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வக்கீல். “அண்ணாச்சி, வியாழக்கிழமை அப்பீல். நேத்துக் காலைல இந்தக் குண்டைத் தூக்கிப் போட்டிருக்காங்க.”

அவர் மேஜைமேல் வைத்தது ஒரு ஜெராக்ஸ் தாள்.

வழக்கு இதுதான். மூன்று வருடத்துக்கு முன்பு, 1986 ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த இருபது வயதுப் பெண்ணை, கழிவுப் பஞ்சு வியாபாரி பால்ச்சாமி மில்லை ஒட்டியிருந்த தன் குடோனுக்குள் இழுத்துப் பூட்டிப் பலாத்காரம் செய்தான். அந்தப் பெண்ணின் பெயரை எழுதச் சட்டம் விடாது, எழுத எனக்கும் மனமில்லை. அவள் வெளியே வந்து விழுந்த இடம், மில் வாசலில் பருத்திப்பால் விற்கும் ஆவுடையம்மாளின் தள்ளுவண்டி. அவளைத் தாங்கிப் பிடித்த ஆவுடையம்மாள், பால்ச்சாமி பின்கதவு வழியாக ஓடியதையும் பார்த்தாள்.

பார்த்ததைக் கோர்ட்டில் சொன்னாள். கேட்டதற்கு மேலும் சொன்னாள். பால்ச்சாமியின் வக்கீல் மாரிசாமி அவள் பார்வையைச் சோதிக்க நினைத்து, “சுவர்க் கடிகாரத்துல மணி என்ன?” என்று கேட்டார்.

“பத்து இருவது.”

அப்போது பிற்பகல் மூன்றரை. மாரிசாமி ஜட்ஜைப் பார்த்துச் சிரித்தார்.

“எதுக்குச் சிரிக்கீக? அது ஓடலை. நான் காலைல வந்தப்பவும் பத்து இருவதுதான். ஒம்பது மணிக்கு வந்தேன், அப்பவே பத்து இருவது.”

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். கடிகாரம் நின்றுதான் போயிருந்தது. மறுநாள் அதற்குப் புது பேட்டரி வந்தது. அடுத்த மாதம் பால்ச்சாமிக்கு ஏழு வருடம் வந்தது. அவன் அப்பீல் போட்டு, ஜாமீனில் வெளியே இருந்தான்.

“அப்பீல்ல என்ன சிக்கல் தெரியுமா?” என்றார் ஐயாதுரை. “கீழ்க்கோர்ட் ஜட்ஜ் ஆளைப் பாத்தார். மொகத்தைப் பாத்தார். இந்தம்மா பேசுன பேச்சைக் கேட்டார். மேல இருக்கவர் பேப்பரைத்தான் பாப்பார். பேப்பருக்கு மொகம் கிடையாது. இப்ப இந்தப் பேப்பரைப் பாருங்க.”

இலவசக் கண் சிகிச்சை முகாம் அட்டையின் நகல் அது. ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாம். நோயாளி பெயர் ஆவுடையம்மாள். வயது நாற்பத்தெட்டு. ஊர் தேவதானம். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஆபரேஷன், இரண்டு கண்ணுக்கும் கட்டு. பதினான்காம் தேதி கட்டுப் பிரித்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

“அதாவது, சம்பவம் நடந்த அன்னைக்கு இந்தம்மா ரெண்டு கண்ணுலயும் கட்டோட பள்ளிக்கூடத்துல படுத்துக் கெடந்தாங்க. எதையும் பாக்கலை. தாங்கியும் பிடிக்கலை. எல்லாம் ஜோடனை. அந்தப் பிள்ளை சொன்னதும் ஜோடனை. இதைக் கூடுதல் சாட்சியமா எடுத்துக்கணும்னு மாரிசாமி மனு போட்டிருக்கார்.”

“எனக்குப் பொறந்த ஊரு தேவதானந்தான்” என்றாள் ஆவுடையம்மாள். “வயசும் ஒட்டித்தான் வருது. ஆனா நான் அந்த முகாமுக்குப் போகலையே! போன வருசம் மதுரையிலல்ல ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்!”

“அதான் கஷ்டம்” என்றார் ஐயாதுரை. “டாக்டர் கண்ணைப் பாத்து ஆபரேஷன் ஆனதுன்னு சொல்வார். எந்த வருஷம்னு அடிச்சுச் சொல்ல மாட்டார். மதுரைச் சீட்டையும் இந்தம்மா தொலைச்சுட்டாங்க, அங்க இருந்து பதிவேடு வாங்க ரெண்டு நாள் போதாது.”

ஆவுடையம்மாளின் சத்தம் திடீரென்று இறங்கியது. “ஐயா, என்னைப் பொய் சொன்னவன்னு சொன்னா நான் வீட்டுக்குப் போயி நாலு வசவு வஞ்சுட்டு மறந்துருவேன். அந்தப் பிள்ளை நேத்து எங்கிட்ட வந்து, ‘பெரியம்மா, நீங்க நிசமாவே அன்னைக்கு அங்க இருந்தீகளா?’ன்னு கேக்குது. என் மடியில கெடந்து அழுத பிள்ளை, அதுவே கேக்குது. ஊர் அம்புட்டு சொன்னா அதுக்கே சந்தேகம் வந்துருமோன்னு பயமா இருக்கு.”

வைகுண்டராஜ் எழுந்து சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டார்.

“ஜெயபாய், மொபெட்டை எடு.”

“எடுக்கலாம் சார். அது வரணுமே.”

*

முகாம் நடத்திய கமிட்டிக்குச் செயலாளர் ஒரு நூல் கமிஷன் கடைக்காரர். பதிவேடு கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. பதிவேட்டுக்கு முன்னால் ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். முதல் படத்தில் அவர் ரிப்பன் வெட்டினார். இரண்டாவது படத்தில் குத்துவிளக்கு ஏற்றினார். மூன்றாவது படத்தில் இருநூறு நோயாளிகள் கண்ணில் கட்டோடு வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருக்க, முன்னால் அவர் கை கூப்பி நின்றார்.

“யாரைப் பாத்துக் கும்பிடுதீங்க அண்ணாச்சி? ஒருத்தருக்கும் கண்ணு தெரியாதே” என்றாள் ஜெயபாய்.

வைகுண்டராஜ் அவள் காலை மிதித்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். வரிசை எண் நூற்றுப் பதினெட்டு. ஆவுடையம்மாள், தேவதானம். தேதிகள் அப்படியே இருந்தன. அட்டை பொய்யில்லை. அவர் முகம் சுருங்கியது. ஆனால் அட்டையில் இல்லாத ஒரு கட்டம் பதிவேட்டில் இருந்தது.

“அழைத்து வந்தவர்: வேலுசாமி. உறவு: அண்ணன்.”

திரும்பி ஓடிவந்து மில் வாசலில் ஆவுடையம்மாளைப் பிடித்தார்கள்.

“உங்களுக்கு அண்ணன் உண்டா?”

“அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. ரெண்டு அக்கா. ஒருத்தி செத்துப்போனா, ஒருத்தி எங்கூடப் பேச மாட்டா.”

“போதும். அப்போ இது வேற ஆவுடையம்மாள்” என்றார் வைகுண்டராஜ். “ஆனா உங்க வாயால சொன்னா ஜட்ஜ் ஏத்துக்கிட மாட்டார். அந்த இன்னொரு ஆவுடையம்மாளைக் கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்தணும். வேலுசாமியைப் பிடிச்சா அவங்களைப் பிடிச்சுரலாம்.”

சேத்தூர் தாண்டித் தேவதானம் போய்ச் சேர மொபெட்டுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஏற்றம் வந்த இடங்களில் ஜெயபாய் இறங்கி நடந்தாள். நடந்தவள் முன்னால் போய் நின்று இரண்டு முறை அவருக்காகக் காத்திருந்தாள்.

தேவதானத்தில் நான்கு வேலுசாமிகள் இருந்தார்கள். முதல் வேலுசாமிக்குத் தங்கையே இல்லை. இரண்டாவது வேலுசாமி இவர்களைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, உள்ளே போய்ப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது வேலுசாமிக்கு ஏழு வயது, மூக்கு ஒழுகியது. நான்காவது வேலுசாமி வீட்டில் இல்லை. ஆடு வாங்க வெளியூர் போயிருந்தார், நாளை மாலைதான் வருவார். அவர் மனைவி சுடலைமாடத்தி முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவுக தங்கச்சி ஆவுடையம்மாதானே?” என்று கேட்டாள் ஜெயபாய்.

முறம் நின்றது. “யார்ட்டி நீ? அவ அனுப்புனாளா?”

“இல்லக்கா. கண் ஆபரேஷன் விஷயமா...”

“ஆமா. மூணு வருசத்துக்கு முந்தி இந்த மனுசன்தான் தங்கச்சி தங்கச்சின்னு தூக்கிட்டுப் போனாக. எனக்குப் பல்லு வலிச்சப்ப ஒரு கிராம்பு வாங்கிக் குடுக்கலை.”

“அந்தத் தங்கச்சி இப்ப எங்க இருக்காக?”

“வன்னியம்பட்டில கெட்டிக் குடுத்திருக்கு. இதுக்கு மேல அவ பேச்சை எடுத்தா எனக்கு நெஞ்சு படபடன்னு வரும்.”

“அவுக வீட்டுக்காரர் பேரு...”

சுடலைமாடத்தி முறத்தைத் தூக்கினாள். துப்பறிவதில் எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் ஒரு திறமை. இரண்டு பேரும் ஓடினார்கள்.

*

புதன்கிழமை காலை வன்னியம்பட்டி டீக்கடையில் வைகுண்டராஜ் கேட்டார்: “இந்த ஊர்ல ஆவுடையம்மாள்னு யாரு?”

டீக்கடைக்காரர் கருத்தப்பாண்டி யோசித்தார். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் யோசித்தார்கள்.

“அப்படி யாரும் இல்லியே. மேலத்தெருவுல ஒரு ஆவுடையம்மா இருந்தாக. நல்ல மனுசி. செத்து ஆறு வருசமாச்சு.”

“ஆறு வருசம்னா எம்பத்து மூணு” என்று விரல் விட்டாள் ஜெயபாய். “செத்து மூணு வருசம் கழிச்சு எந்திரிச்சு வந்து கண் ஆபரேஷன் பண்ணிருக்காக. மேல வெளிச்சம் பத்தலை போலிருக்கு.”

“வேற ஆவுடையம்மாள் நிச்சயமா இல்லையா? தேவதானத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தவங்க?”

“தம்பி, ஊர்ல எத்தனை கோழி முட்டை போடுதுன்னு கேளுங்க, சொல்லுதேன். எனக்குத் தெரியாம ஒரு ஆவுடையம்மா இருக்க முடியாது.”

வைகுண்டராஜுக்கு டீ கசந்தது. நாளைக்கு அப்பீல். பதிவேட்டில் இருக்கும் பெண் ஊரில் இல்லை. ஊரில் இருந்த பெண் உயிரோடு இல்லை. வேலுசாமி வீடு திரும்புவாரா என்பதும் ஆட்டைப் பொறுத்த விஷயம்.

அப்போது சைக்கிளில் போஸ்ட்மேன் வந்து, “அழகுத்தாய்க்கு ஒரு இன்லண்ட் லெட்டர்” என்று நீட்டினார்.

கருத்தப்பாண்டி அதை வாங்கி உள்பக்கம் திரும்பி, “ஏட்டி பூவு! ஒனக்குக் கடுதாசி வந்திருக்கு” என்று கத்தினார். உள்ளேயிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் போனாள்.

ஜெயபாய்க்கு அடுத்தவர் விஷயம் என்றால் அடக்க முடியாது. “ஏங்க, அழகுத்தாய்க்கு வந்த கடுதாசியைப் பூவு வாங்கிட்டுப் போறாக?”

“ரெண்டும் அவதாம்மா. பொறந்த வீட்டுல வச்ச பேரு அழகுத்தாய். எங்க ஆத்தா பேரும் அழகுத்தாய். ‘ஏட்டி அழகுத்தாயி, கொழம்புல உப்பு எங்கட்டி’ன்னு நான் கத்துனா ரெண்டு பேரும் கரண்டியோட வாராக. அதுவும் பெத்தவ பேரைச் சொல்லிப் பொண்டாட்டியை வைய முடியுமா? அதான் கல்யாணத்தன்னைக்கே பூவுன்னு மாத்தியாச்சு. இங்க நெறைய வீட்டுல அப்படித்தான்.”

வைகுண்டராஜ் கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து டீ அவர் வேட்டியில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

“மேலத்தெருவுல செத்துப்போன ஆவுடையம்மாவுக்கு மருமக உண்டா?”

“உண்டே. அய்யம்மா. குருசாமி பொண்டாட்டி.”

“அவங்க பொறந்த ஊரு?”

“தேவதானம்...” என்று சொல்லிக்கொண்டே வந்த கருத்தப்பாண்டி, வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். தனக்குத் தெரியாமல் ஊரில் ஒரு ஆவுடையம்மாள் இருபத்தைந்து வருடமாகக் குடித்தனம் நடத்தியதை அவரால் தாங்க முடியவில்லை.

“சார்” என்றாள் ஜெயபாய் மெதுவாக. “அய்யம்மாள், வன்னியம்பட்டிங்கிற பேரை நான் டைப் அடிச்ச மாதிரி இருக்கு.”

ஐயாதுரை கொடுத்த கீழ்க்கோர்ட் சாட்சியத்தை ஜெயபாய் நேற்று இரவு டைப் அடித்திருந்தாள்; அந்த நகலை வைகுண்டராஜ் பையிலிருந்து எடுத்துப் புரட்டினார். பால்ச்சாமி தரப்பின் இரண்டாவது சாட்சி அய்யம்மாள். பால்ச்சாமியின் சித்தி. சம்பவம் நடந்த நேரத்தில் பால்ச்சாமி ராஜபாளையத்திலேயே இல்லை என்று சொல்ல வந்தவள். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. ஜெயபாய் எட்டிப் படித்தாள்.

“‘அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பால்ச்சாமி வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.’”

ஜெயபாய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு கண்ணுலயும் கட்டோட! பத்து மைல் தள்ளிப் பள்ளிக்கூடத்துல படுத்துக்கிட்டு! சார், இந்தம்மாவை நம்ம ஆபீஸ்ல சேத்துக்கலாம்.”

“அட்டை பால்ச்சாமியோட சித்தப்பா குருசாமி வீட்டுப் பெட்டியில இருந்து வந்திருக்கு” என்றார் வைகுண்டராஜ். “நம்ம ஆவுடையம்மாளுக்குப் பேர் பொருந்துது, பொறந்த ஊர் பொருந்துது, நாள் பொருந்துது. பொண்டாட்டியோட பழைய பேரு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்கிற தைரியம். அதே பொண்டாட்டியைச் சாட்சி சொல்ல வச்சதை மட்டும் மறந்துட்டார்.”

*

வியாழக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் ஒரு வேன் நின்றது. பால்ச்சாமியின் சொந்தக்காரர்கள் இருபது பேர் அதில் வந்து இறங்கினார்கள். விடுதலை ஆனதும் போடுவதற்கு ஒரு ரோஜா மாலையும், வெடிப்பதற்கு ஒரு சரவெடிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். வெடியைக் கோர்ட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று போலீஸ்காரர் தடுத்ததால் ஒருவர் அதைக் கட்டிப்பிடித்தபடி வெளியிலேயே நின்றார். அய்யம்மாளும் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள்.

கடைசி பெஞ்சில் ஆவுடையம்மாளுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் தலை குனியாமல் உட்கார்ந்திருந்தாள். காலை ஆறு மணி ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள்.

“வேலுசாமி எங்க?” என்றார் ஐயாதுரை, கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.

“நேத்து சாயந்தரம் நானே பாத்துப் பேசிட்டேன்” என்றாள் ஜெயபாய். “முதல் பஸ்ல வாரேன்னாரு. வந்தும் இறங்கிட்டாரு. ‘இம்புட்டு தூரம் வந்துட்டேன், மடவார் வளாகத்துல சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வாரேன்’னு போனவர்தான்.”

“கும்பிடு போட எவ்வளவு நேரம்?”

“நாலு ஆடு வாங்கிருக்காரு. நாலுக்கும் சேத்துக் கும்பிடணும்ல.”

வழக்கு எண் கூப்பிட்டார்கள். மாரிசாமி எழுந்து அரை மணி நேரம் பேசினார். ஆவுடையம்மாள் பொய்ச்சாட்சி, அவளை நம்பித் தீர்ப்பு எழுதிய கீழ்க்கோர்ட் ஏமாந்துவிட்டது, ஒருத்தி பொய் என்றால் மற்றவளும் பொய் என்றார். கடைசியில் அட்டையை உயர்த்திப் பிடித்தார். “இதைச் சாட்சியமாக ஏற்க வேண்டும்.”

ஐயாதுரை எழுந்தார். “ஆட்சேபணை இல்லை, கனம் நீதிபதி அவர்களே. அட்டை உண்மையானது. நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.”

மாரிசாமி தன் காதையே நம்பவில்லை. எதிர்க்க ஆள் இல்லாத சந்தோஷத்தில் பாதியும், என்னவோ உதைக்கிறதே என்ற பயத்தில் பாதியுமாக உட்கார்ந்தார். ஆவுடையம்மாள் பின்னாலிருந்து, “ஏலே ஐயாதுரை!” என்று அரசு வக்கீலைக் கூப்பிட்டே விட்டாள். ஜெயபாய் அவள் வாயைப் பொத்தினாள்.

“ஒரே ஒரு வேண்டுகோள்” என்றார் ஐயாதுரை. “இந்த அட்டைக்கு உரிய பெண் இதே அறையில் இருக்கிறார். எதிர்த்தரப்பின் பழைய சாட்சி அய்யம்மாள். அவரைக் கூண்டில் ஏற்ற அனுமதி வேண்டும்.”

மாரிசாமி எதிர்த்தார். “அட்டையை அலசச் சொன்னது நீங்கள்தானே” என்று ஜட்ஜ் அனுமதித்தார். அய்யம்மாள் பட்டுச்சேலை சரசரக்க ஏறி நின்றாள்.

“உங்க பேரு?”

“அய்யம்மா.”

“பொறந்த வீட்டுல வச்ச பேரு?”

அய்யம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “அது எங்க அத்தை பேருங்க. மாமியா பேரை வாயால சொல்ல மாட்டேன்.”

“உங்க பேரைத்தாம்மா கேக்கேன்.”

“எம் பேரைச் சொன்னா அவுக பேரைச் சொன்ன மாதிரில்லா?”

“மாமியார் பேர் என்ன?” என்று ஜட்ஜ் குறுக்கிட்டார்.

“அதைத்தாங்க சொல்ல மாட்டேங்கேன்.”

கோர்ட் சிரித்தது. ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு குருசாமியைப் பார்த்தார். “நீங்கள்தானே கணவர்? உங்கள் தாயார் பெயர் என்ன?”

குருசாமி எழுந்தார். மாலையைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “ஐயா, மறந்துபோச்சுங்க.”

மாரிசாமி துள்ளி எழுந்தார். “பெயர் நிரூபிக்கப்படவில்லை! அட்டை இவருடையது என்பது அரசுத் தரப்பின் கற்பனை!”

ஐயாதுரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டையை உண்மை என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. வேலுசாமி வராவிட்டால் அந்த அட்டை ஆவுடையம்மாளின் தலையில்தான் விழும். வைகுண்டராஜ் வாசலைப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

“அரசுத் தரப்பில் வேறு ஏதாவது உண்டா?” என்றார் ஜட்ஜ்.

அந்தச் சமயம் வாசலில் ஒரு பெரிய திருநீற்றுப் பட்டை தெரிந்தது. அதற்குக் கீழே வேலுசாமி. காட்டில் ஆட்டை விரட்டிப் பழகிய குரல் அவருக்கு. கூண்டில் நிற்பவளைக் கண்டதும் இடம் பொருள் எல்லாம் மறந்துவிட்டார்.

“ஏட்டி ஆவுடை! அதுல ஏறி நின்னு என்னட்டி செய்யுத?”

“என்னண்ணே, இப்பத்தான் வாரியா?” என்றாள் அய்யம்மாள்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. முந்தானை மறுபடி வாய்க்குப் போனது. ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது.

“எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் ஜட்ஜ் தட்டச்சரிடம்.

ஐயாதுரை இப்போது அவசரப்படவில்லை. வேலுசாமியைச் சாட்சியாக ஏற்றிப் பதிவேட்டைக் காட்டினார். அது தன் பெயர்தான் என்று வேலுசாமி சந்தோஷமாகச் சொன்னார். முகாமில் போட்ட உப்புமா நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பிறகு ஐயாதுரை, கருப்பட்டிக் காப்பி வாக்குமூலத்தை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“அய்யம்மா, அந்தச் சாயந்தரம் உங்க ரெண்டு கண்ணுலயும் என்ன இருந்துச்சு?”

குருசாமி முன்னாலிருந்து கண்ணைக் காட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

“பஞ்சும் கட்டும்” என்றாள். “நான் ஊர்லயே இல்ல. அவன் காப்பி குடிச்சானா, எங்க போனான், ஒண்ணும் எனக்குத் தெரியாது. இப்படிச் சொல்லுன்னு வீட்டுல சொன்னாக, சொன்னேன்.” முந்தானை கண்ணுக்குப் போனது. “நான் பொய் சொல்லுதப்ப அந்தப் பிள்ளை இதே மாதிரி பின்னால உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. வெளிய போறப்ப ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட எனக்கு ஆறிருக்கும். வையலை. மூணு வேளையும் சோத்துல கை வச்சா அந்த மொகந்தான் வருது.”

ஐயாதுரை அதற்கு மேல் எதுவும் கேட்காமல் உட்கார்ந்தார்.

மதியம் மூன்று மணிக்கு ஜட்ஜ் தீர்ப்பைச் சொன்னார்: சாட்சிகளின் முகத்தைப் பார்த்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதி. பேப்பரை மட்டும் பார்க்கும் நான் அவர் நம்பியதை நம்பாமலிருக்க வலுவான காரணம் வேண்டும். எதிர்த்தரப்பு கொண்டுவந்த ஒரே காரணம் அவர்கள் சாட்சியையே சாய்த்துவிட்டது. ஆவுடையம்மாள் கேட்டதற்கு மேல் பேசுபவர் என்று கீழ்க்கோர்ட் குறித்திருக்கிறது, அதை நானும் இன்று பார்த்தேன். அதிகம் பேசுவது பொய் ஆகாது. இத்தனைக்கும், பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலம் தனியாகவே நிற்கிறது. அதற்கு முட்டுக்கொடுக்க வேறொருவர் அவசியமே இல்லை. அப்பீல் தள்ளுபடி. ஏழு வருடம் உறுதி. பொய்ச்சாட்சி பற்றி குருசாமிக்கும் அய்யம்மாளுக்கும் தனி நோட்டீஸ்.

பால்ச்சாமியைப் போலீஸ் அழைத்துப்போனது. வெளியே சரவெடிப் பெட்டியோடு நின்றவர் உள்ளே நடந்தது தெரியாமல், “பத்த வைக்கவா, பத்த வைக்கவா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். குருசாமி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆவுடையம்மாள் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தாள். ஐயாதுரையை ‘ஏலே’ என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்கப் போய், அதற்குள் மூன்று முறை மறுபடி ‘ஏலே’ என்றுவிட்டாள். அந்தப் பெண் மட்டும் படிக்கட்டில் தனியாக நின்றாள். ஜெயபாய் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“மூணு வருசமா யாரைப் பாத்தாலும், ‘நீ சொல்லுறது நிசந்தானா?’ன்னு கேட்டாகக்கா” என்றாள் அந்தப் பெண், ரோட்டைப் பார்த்தபடி. “வாயால கேக்காதவுக கண்ணால கேட்டாக. திங்கக்கிழமை நானே பெரியம்மாவை அப்படிக் கேட்டுட்டேன். எங்கிட்ட மத்தவுக கேட்ட அதே கேள்வி. அதை நெனச்சு மூணு நாளா சோறு எறங்கலை.”

“பெரியம்மாகிட்ட சொன்னியா?”

“காலைல சொன்னேன். ‘போட்டீ கிறுக்கி’ன்னாக.”

சொல்லிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவள் போல வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஜெயபாயைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, எனக்குப் பசிக்குது.”

கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் ஐந்து பேரும் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் முதலில் இரண்டு பரோட்டா சொன்னாள். அதை முடித்துவிட்டு இன்னும் இரண்டு சொன்னாள். சால்னா சிந்திய விரலை நக்கிக்கொண்டே, அடுத்தது முட்டை தோசை சொல்லலாமா என்று ஆவுடையம்மாளோடு சத்தமாக வாக்குவாதம் செய்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் கவனிக்கவில்லை.